கைப்பேசி கற்பிப்போர் கடமை

ஒருவர்க்கு ஒன்றைச் செய்து கொடுத்தல் வேறு. அவரே அதனைச் செய்துகொள்ளுமாறு கற்பித்தல் வேறு. இவ்விரண்டையும் உலகம் ‘உதவி’ என்னும் ஒரே பெயரால் வழங்குகின்றது. பசித்தவனுக்குச் சோறிடும்போது இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றுவதில்லை. ஆனால் சில பொருள்களில் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாறான பயனைத் தருகின்றன. செய்து கொடுப்பவன் நல்லெண்ணத்தோடுதான் செய்து கொடுக்கின்றான். எனினும் பெறுபவர் முன்னிருந்ததைவிட ஒருபடி கீழே இறங்கி நிற்கக் காண்கின்றோம். அத்தகைய பொருள்களுள் ஒன்று, முதுமையில் முதன்முதலாகக் கைக்கு வந்து சேரும் தொடுதிரைக் கைப்பேசி. அதனைக் கற்பிப்போர்க்கு உரிய அறம் யாது என்பதை அன்பர்களோடு சேர்ந்து ஆராய விழைகின்றோம்.

சிறு கருவியொன்றைப் பற்றி இத்துணைப் பெரிய வினாவா என்று சிலர் நகைக்கலாம். பாலக்காட்டு மாவட்டத்தில் வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம் பக்கங்களிலும், இடுக்கி மாவட்டத்தில் மறையூர், மூணாறு, வண்டிப்பெரியாறு, குமுளி பக்கங்களிலும் தமிழ் பேசும் உழைப்பாளர் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அவர்கள் பிள்ளைகளுட் பலர் திருப்பூர், கோயமுத்தூர், எர்ணாகுளம் முதலிய ஊர்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றுவிட்டனர். விடுமுறைக்கு வரும் பிள்ளை தாய் தந்தையர்க்கு வாங்கிவரும் பொருள் முன்னாளில் கம்பளியாகவும் சேலையாகவும் இருந்தது. இந்நாளில் ‘டச் போன்’ என்று மக்கள் வழங்கும் கைப்பேசியாக இருக்கின்றது. இவ்வூர்களுக்கு அறவுரை கூறச் செல்லும்போது, கூட்டம் முடிந்தபின் முதியோர் சிலர் மடியிலிருந்து இக்கருவியை எடுத்து நம்மிடம் நீட்டுவது வழக்கமாகிவிட்டது. நூற்பாலையில் பல்லாண்டு உழைத்தவர்க்கு எல்லாப் பொறியும் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை போலும்! அவர்கள் வினவுவது கருவியைப் பற்றி. நம் உள்ளத்தில் எழுவதோ அறத்தைப் பற்றிய வினா.

இக்கருவி வேண்டுவதுதானா?

முதலில் ஒரு மறுப்பைக் கேட்போம். “ஆயுள் முழுதும் இஃதின்றி வாழ்ந்தவர்க்கு இறுதிக் காலத்தில் இஃது எதற்கு? ஆசையைப் பெருக்கும் பொருளன்றோ இது?” என்பர் சிலர். 1995 சூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு இந்தியாவின் முதற் கைப்பேசி அழைப்புச் சென்றபோது இம்மறுப்புப் பொருந்தியிருக்கும். அந்நாளில் அது செல்வர் கைப்பொருள். இந்நாளிலோ நிலைமை வேறு. 2014 நவம்பரில் ஓய்வூதியர்க்குரிய வாழ்நாள் சான்றிதழை மின்வழியே பெறும் முறை தொடங்கப்பட்டது. 2016இல் யு.பி.ஐ. என்னும் பணப் பரிமாற்ற முறை வந்தது. வங்கியும், வருங்கால வைப்புநிதி அலுவலகமும், எரிவாயு விற்பவரும், மருத்துவமனையும் மெய்ப்பிக்கும் எண்ணைக் கைப்பேசிக்கே அனுப்புகின்றனர். வாயிலைக் கருவிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, கருவியை விரும்புதல் ஆசையென்று கூறுதல் முறையாகுமா?

மலைநாட்டார்க்கு இதனை மிகுதியாக விளக்க வேண்டியதில்லை. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்களை மண் மூடியது. எழுபது பேர் மாண்டனர்; பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். கடுமழையால் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப் போயிருந்தமையின், இரவில் நிகழ்ந்த அக்கொடுமை மறுநாட் காலையில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. ஒரு சொல்லைத் தொலைவுக்கு அனுப்ப இயலாமை எத்துணைப் பெரிய வறுமை என்பதை அவ்விரவு காட்டிற்று. அவ்வாண்டு சூன் 1ஆம் நாள்முதல் கேரளத்துப் பள்ளி வகுப்புகள் தொலைக்காட்சி வழியாகவும் இணைய வழியாகவும் நடைபெற்றன. தோட்டத்துப் பிள்ளைகள் ‘டவர்’ கிடைக்கும் மேட்டையும் சாலையோரத்தையும் தேடி நடந்தனர்.

அதற்கு முன்னரே, 2019 செப்டம்பர் 19ஆம் நாள், கல்லூரி விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. இணையத்தை அணுகும் உரிமை கல்வியுரிமையின் பகுதி. அந்தரங்க உரிமையின் பகுதியும் ஆகும் என்பது அத்தீர்ப்பு. ‘கல்வி’, ‘அந்தரங்கம்’ என்னும் இவ்விரு சொற்களையும் அன்பர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகின்றோம். கைப்பேசி கற்பிப்போர் அறம் இவ்விரண்டினுள் அடங்கும்.

ஆயினும், வேண்டாவென்று தெளிந்து கூறும் முதியோரை வற்புறுத்துதல் தகாது. அவர்க்குப் பொத்தான் வைத்த பழைய கைப்பேசியே போதுமெனின் அதுவே நன்று. நாம் பேசுவது வேண்டுமென்று கையில் ஏந்தி, ஆனால் அஞ்சி நிற்போரைப் பற்றியே.

கண்ணைக் கடன் பெறுதலும் ஆளையே கடன் கொடுத்தலும்

எழுத்தறியாதவர் முன்னாளில் என் செய்தனர்? கடிதம் வந்தால் அஞ்சற்காரரையோ பள்ளிப் பிள்ளையையோ படிக்கச் சொல்லிக் கேட்டனர். மணியார்டர் வந்தால் பெருவிரல் மையிட்டு நாட்டிப் பணம் பெற்றனர். அதில் தாழ்வு இருந்தது; ஐயமில்லை. வீட்டு மறைகள் அயலார் நாவில் ஏறின. ஆயினும் கடிதம் படித்தவர் பிறர்க்குத் தம் கண்ணை மட்டுமே கடன் கொடுத்தார். பணம் பெற வேண்டிய விரல் உரியவரிடமே இருந்தது. கடிதம் படித்த அப்பிள்ளை எத்துணைக் கெட்டிக்காரனாயினும் அவ்விரலை எடுத்துக்கொண்டு அஞ்சலகம் செல்ல இயலாது.

கைப்பேசியிலோ நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. நான்கு அல்லது ஆறு இலக்கங்களை அறிந்தவன் எவனோ, அவனே ஆள். வங்கிக்கு முகம் தெரியாது, குரல் தெரியாது, எண் ஒன்றே தெரியும். அவ்வெண்ணைப் பேரனிடமோ, கடைக்காரரிடமோ, அண்டை வீட்டாரிடமோ ஒப்படைக்கும் முதியவர் தம்மையே கடன் கொடுக்கின்றார். கொடுத்த பின்னர், அவர் பெயரால் பணம் செல்லும். அவர் பெயரால் ஒப்பம் இடப்படும். அவர் பெயரால் சொற்கள் அனுப்பப்படும். அவரோ திண்ணையில் அமர்ந்திருப்பார். எல்லாம் நன்மையாகவே நடந்தாலும்கூட, நடந்தவற்றைச் செய்தவர் அவரல்லர். ‘நான் செய்தேன்’ என்று ஒருவர் கூறும் உரிமை எங்கே மறைகின்றதோ, அங்கே அவர்தம் பொறுப்பும் மதிப்பும் மறைகின்றன. செயலுக்கு உரியவராய் இருத்தலே மனிதர்க்கு அடிப்படையான செல்வம். அறநெறி முழுதும் அதன்மேல் நிற்கின்றது. ஆதலின், ஒருவர் செயலை அவர் கையினின்று வாங்கிக்கொள்ளும் உதவி, கருணையின் உருவில் வந்தாலும் அறிவோடு கூடிய கருணை ஆகாது.

கேரளம் இவ்வேறுபாட்டை முன்பே கண்ட நாடு. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. 1991 ஏப்ரல் 18ஆம் நாள் கோழிக்கோட்டில் மாநிலம் முழுமைக்கும் அவ்வறிவிப்பைச் செய்தவர் அமைச்சரோ ஆளுநரோ அல்லர். முதுமையில் எழுத்துக் கற்ற மலப்புரம் மாவட்டத்துச் சேலக்கோடன் ஆயிஷா என்னும் பெண்மணி. பெருவிரல் நாட்டியோரைக் கையெழுத்திடச் செய்ததே அவ்வியக்கத்தின் பெருமை. கையெழுத்தை வேறொருவர் போட்டுக் கொடுத்திருந்தால் வேலை விரைவில் முடிந்திருக்கும். ஆனால் ஒருவரும் எழுத்தறிந்திரார்.

2002இல் மலப்புரத்தில் தொடங்கிய அட்சயா திட்டமும், குடும்பத்துக்கு ஒருவரேனும் கணினி அறிதல் வேண்டும் என்னும் நோக்கத்தோடு எழுந்ததே. நாளடைவில் அதன் நிலையங்கள் விண்ணப்பம் பதிந்து கொடுத்தல், கட்டணம் செலுத்திக் கொடுத்தல் முதலிய பணிகளின் இடமாக வளர்ந்தன. அப்பணிகள் மக்களுக்குப் பெரிதும் வேண்டுவனவே. ஆயினும் கற்பிக்கும் இடம் செய்து கொடுக்கும் இடமாக மாறுவது எத்துணை இயல்பாக நிகழ்கின்றது என்பதை இங்கே காண்கின்றோம். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது கற்பிக்க நேரமேது? அண்மையில் கேரளம் மீண்டும் கற்பித்தலுக்குத் திரும்பியது. 83 இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களை ஆய்ந்து, ஏறத்தாழ 22 இலட்சம் பேர்க்குக் கைப்பேசி முதலிய கருவிகளைக் கையாளப் பயிற்சி அளித்து, 2025 ஆகஸ்டு 21ஆம் நாள் முழு மின்னறிவு பெற்ற மாநிலமாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. பயின்றோருள் நூறு வயதைக் கடந்தவரும் இருந்தார். ‘இனி இந்த வயதில் என்ன கற்பது’ என்போர்க்கு இதற்கு மேலும் விடை வேண்டுமோ?

முதல் வினா: எம்மொழி?

புதிய கைப்பேசியை முதன்முறை உயிர்ப்பிக்கும்போது அது கேட்கும் முதல் வினா, ‘உன் மொழி யாது?’ என்பதே. வணக்கம் கூறும் அத்திரையிலேயே மொழிப்பட்டியல் உண்டு. அப்பட்டியலில் தமிழும் உண்டு. ஆனால் நடப்பதென்ன? கடைக்காரரோ பேரனோ ஒரு நொடியும் நில்லாமல் ஆங்கிலத்தை அழுத்திக் கடந்துவிடுகின்றார். உரியவரைக் கேட்டாரா? இல்லை. அவ்வொரு தொடுதலோடு அம்முதியவர் தம் சொந்தப் பொருளில் விருந்தினராகிவிடுகின்றார். அதன்பின் திரையில் எழும் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் பிறர் முகத்தைப் பார்க்க வேண்டும். “ஆம்” என்பதற்கும் “வேண்டா” என்பதற்கும் வேறுபாடு அறியாமல் விரல் வைக்க வேண்டும்.

எல்லைப்புறத் தமிழர்க்கு இதில் மற்றோர் இடரும் உண்டு. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், வங்கியிலிருந்து வரும் செய்தி ஆங்கிலம். பேச்சில் மும்மொழியையும் தாங்கும் நம் மக்கள் எழுத்தில் தமிழ் ஒன்றையே அறிந்திருப்பர். சிலர் அதனையும் அறியார். ஆகவே கற்பிப்போரின் முதற்கடமை, கேட்டுவிட்டு மொழியை வைத்தல். முன்னரே ஆங்கிலத்தில் வைத்துவிட்டாலும் குற்றமில்லை. ‘அமைப்புகள்’ என்னும் பகுதிக்குச் சென்று எந்நாளும் மாற்றலாம். எழுத்தறியாதார்க்குப் பெயரோடு முகப்படம் சேர்த்து வைத்தால் படத்தைத் தொட்டே அழைப்பர். ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுத் தமிழிற் பேசினால் கருவி எழுத்தாக்கிக் கொள்ளும். வாட்ஸ்அப்பில் குரலையே அனுப்பலாம். எழுத்தறியாமை இக்கருவிக்கு முழுத் தடையன்று என்பதை முதல்நாளே உணர்த்துதல் நலம்.

கையைக் கட்டிக்கொண்டு கற்பித்தல்

நூற்பாலையில் ரிங் பிரேமில் அறுந்த இழையை ஒட்டுதல் முதற்பாடம். சுழலும் கதிரை நிறுத்தி, நூல் நுனியை எடுத்து, டிராவலரில் கோத்து, மேலே உருளையினின்று இறங்கும் பஞ்சிழையோடு சேர்த்தல் வேண்டும். தேர்ந்தவர்க்கு நொடிப்பொழுது வேலை; புதியவர்க்கோ விரல் நடுங்கும். நமக்குக் கற்பித்த மேஸ்திரி இரு கைகளையும் முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு நிற்பார். இழை பத்து முறை அறுந்தாலும் அவர் கை முன்னே வாராது. வாய் மட்டும் பேசும். “பஞ்சு வீணாகின்றதே” என்று ஒருவர் கேட்டபோது, “பஞ்சு நாளைக்கும் வரும், இவன் விரல் இன்றைக்குப் படிக்க வேண்டும்” என்றார். பள்ளி மிகுதியும் காணாத நாம் பின்னர் நூல்களைப் பயின்றதும் அம்மேஸ்திரியின் முறையாலேயே.

கைப்பேசிக்கும் இதுவே முறை. வண்டிப்பெரியாற்றுப் பக்கத்தில் தோட்ட வேலையினின்று ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர், துணிப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து நம்மிடம் நீட்டி, “நீங்களே பாத்துச் சொல்லுங்க சாமி, எனக்கு இது கத்தினாலே நெஞ்சு பதறுது” என்றார். “உங்க கையிலேயே இருக்கட்டும் அம்மா, எங்கே தொடணும்னு மட்டும் நாங்க சொல்றோம்” என்றோம். அழைப்பு வரச்செய்தோம். பச்சைக் குறியை அவர் அழுத்தினார், அழைப்பு ஏற்கப்படவில்லை. மேலும் அழுத்தினார், அப்போதும் இல்லை. அவ்விடத்தில்தான் பிள்ளைகள் பொறுமையிழந்து கருவியைப் பறிக்கின்றனர்.

ஆனால் அவர் ஏன் தோற்றார்? ஆராய்ந்தால் அறிவின் குறை அன்று அது. பழைய பொத்தான் அழுத்தத்துக்குப் பணியும். தொடுதிரையோ அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் நுனியின் நுண்ணிய மின்னியல்பை உணர்வது அது. நாற்பதாண்டு கொழுந்து கிள்ளிக் காய்ப்பேறி வறண்ட விரலை அது சில வேளை உணராது. மிக அழுத்தினாலும் பயனில்லை. நெடுநேரம் வைத்தால் அதனை வேறு கட்டளையாகக் கொள்ளும். அன்றியும், சில கைப்பேசிகளில் அழைப்பை ஏற்கக் குறியைத் தொட்டாற் போதாது. தொட்டபடியே விரலைத் தள்ள வேண்டும். விரலைச் சற்றே ஈரத்துணியில் துடைத்துக்கொண்டு, மெல்லத் தொட்டு மேலே தள்ளுமாறு கூறினோம். நான்காம் முறை எதிர்ப்பக்கத்துக் குரல் கேட்டது. அம்மூதாட்டி முகத்தில் தோன்றிய மலர்ச்சியை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அதே வேலையை நாம் செய்து கொடுத்திருந்தால் நன்றி கிடைத்திருக்கும், அம்மலர்ச்சி கிடைத்திராது.

பாடத்தின் வரிசையும் எண்ணத்தக்கது. முதல்நாள், அழைப்பை ஏற்றலும் முடித்தலும், ஒலியைக் கூட்டலும் குறைத்தலும், சார்ஜர் செருகலும் போதும். இரண்டாம் நாள், தாமே ஒருவரை அழைத்தல். இடர் வந்தால் 112 என்னும் எண்ணை அழைக்கலாம் என்பதை அறிதல். மூன்றாம் நாள், வழி தவறினால் முகப்புத் திரைக்குத் திரும்புதல். இம்மூன்றாம் பாடமே தலையாயது. எங்குச் சென்றாலும் வீட்டுக்கு வழி தெரிந்த குழந்தை அச்சமின்றித் தெருவில் விளையாடுவதுபோல், திரும்பும் வழி அறிந்தவர் அச்சமின்றித் தொட்டுப் பார்ப்பர். தவறிய தொடுதலால் கருவி உடைந்துவிடாது என்பதை வாயால் நூறு முறை கூறுவதினும், ஒருமுறை தவறவிட்டுத் திரும்பச் செய்தல் நன்று. பணம் அனுப்புதல் முதலியன இவையெல்லாம் விரலுக்குப் பழகிய பின்னரே.

மறைவெண்ணைக் காத்தல்

பூட்டெண் அமைக்கும் நேரம் வருகின்றது. கற்பிப்பவர் அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். “1234 என்று வையுங்கள், எளிதில் நினைவிருக்கும்” என்று கூறுதலும், எண்ணைத் தாமே தேர்ந்து வைத்தலும், தாளில் எழுதிக் கைப்பேசி உறைக்குள் செருகிக் கொடுத்தலும் பூட்டின்மேலேயே திறவுகோலைத் தொங்கவிடுதல் ஆகும்.

இதற்கு வலிய மறுப்பொன்று உண்டு. “பெற்ற பிள்ளைக்கு மறைப்பதா? குடும்பத்தில் ஐயத்தை விதைக்கின்றீரே!” என்பர். நம் குடும்பங்களில் ‘எனது’, ‘உனது’ என்னும் பிரிவு குறைவு என்பது உண்மை. அது நம் பெருமையும் ஆகும். ஆயினும் எண்ணிப் பாருங்கள். அரிசிப் பானைக்குள் சிறுவாடு சேர்க்கும் தாய் கணவனை ஐயுற்றா சேர்க்கின்றாள்? தான் நினைத்தபோது ஒரு பிள்ளைக்குப் பண்டம் வாங்கித் தரவும், ஒரு துன்பத்தில் கைகொடுக்கவும் தன்னிடம் ஏதேனும் இருத்தல் வேண்டும் என்றே சேர்க்கின்றாள். மறைவு, ஐயத்தின் பிள்ளையன்று, தன்மதிப்பின் பிள்ளை. பில்லில் உழைத்தும் பாலையில் உழைத்தும் ஓய்ந்தோர் பலர் பெறும் ஓய்வூதியம், 2014இல் குறைந்த அளவாக வரையறுக்கப்பட்ட ஆயிரம் ரூபாயை ஒட்டியதே. அவ்வாயிரம் ரூபாயை யாருக்குத் தருவது என்று தீர்மானிக்கும் இன்பத்தையும் அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டுமா? மகனுக்கு எண்ணைக் கூறுவதெனின் அதுவும் அவர் விருப்பம். கேளாமல் அறிந்துகொள்ளுதலே பிழை.

பார்வையற்றோர், நினைவு தளர்ந்தோர், கை நடுங்குவோர் ஆகியோர்க்கு நாம் கூறும் முறை பொருந்துமோ எனின், இயன்ற அளவு பொருந்தும். திரையில் உள்ளதைப் படித்துக் கூறும் வசதி கைப்பேசியிலேயே உண்டு, எழுத்தைப் பெரிதாக்கலாம். அதற்கும் மேல் இயலாதவிடத்துச் செய்து கொடுத்தலே கடமை. ஆயினும் அது அறங்காவலர் செய்யும் பணிபோல் இருத்தல் வேண்டும்: அவர் கண்முன்னே செய்க, திரையிற் காண்பதை உரக்கப் படித்துக் காட்டுக, அவர் ‘சரி’ என்ற பின்னரே தொடுக, எண்ணை உள்ளத்திலும் தாளிலும் பதித்துவையாதிருக்க.

அச்சமும் பொய்யும்

“கற்றுக் கொடுத்தால் ஏமாறுவார், தெரியாமலிருப்பதே காவல்” என்று கூறும் பிள்ளைகளும் உளர். இவ்வச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. காவலர்போல் உடையணிந்து காணொளியில் தோன்றி, ‘உங்களை டிஜிட்டல் கைது செய்துள்ளோம்’ என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டத்தைப் பற்றி 2024 அக்டோபர் 27ஆம் நாள் வானொலி உரையில் நாட்டின் பிரதமரே எச்சரிக்க நேர்ந்தது. அத்தகைய கைது எச்சட்டத்திலும் இல்லை. ஆனால் இவ்வஞ்சகர் வலையில் வீழ்ந்தோருள் கற்றோரும் உயர்பதவி வகித்தோரும் இருந்தனர். அவர்களை வீழ்த்தியது அச்சமும், தனிமையும், உடனே முடிவு செய்யவேண்டும் என்னும் பதற்றமுமே. எல்லாவற்றையும் பிறர் செய்து கொடுக்கப் பெற்றவர், எது வழக்கமானது, எது வழக்கத்துக்கு மாறானது என்று அறியமாட்டார். ஆதலின் அவரே எளிதில் அஞ்சுவார். பழகிய கைக்கே ஐயம் பிறக்கும்.

மூன்று சொற்களை மனப்பாடமாகக் கொடுத்தாற் போதும். பணம் பெறுவதற்குப் பின் எண் வேண்டியதில்லை, கேட்டால் பொய். ஓ.டி.பி.யை வாயால் கேட்பவர் எவராயினும் சொல்லற்க. மிரட்டும் அழைப்பைத் துண்டித்துவிட்டு அண்டை வீட்டாரை அழைக்க. பணம் போய்விட்டதெனின் நாணி மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குச் சொல்லுதல் வேண்டும்; விரைந்து சொன்னால் பணத்தை இடையில் நிறுத்திவைக்க வழியுண்டு. இங்கே இளையோர்க்கு ஒரு வேண்டுகோள்: ஏமாந்து வந்த முதியோரைக் கடியற்க. கடிந்தால் அடுத்த முறை மறைப்பார். மறைத்தலே வஞ்சகனுக்குத் துணை.

கைப்பேசி பெற்றவர் கேட்பவர் மட்டுமல்லர். ஊருக்குச் சொல்பவரும் ஆகின்றார். 2018 வெள்ளத்தின்போது முல்லைப் பெரியாறு அணை உடைந்ததென்னும் பொய்ச் செய்தி வாட்ஸ்அப்பில் பரவியது. அணைக்குக் கீழே பெரியாற்றங்கரையில் வாழும் மக்களுக்கு அச்சொல் எத்தகையது என்பதை வண்டிப்பெரியாற்றார் அறிவர். அவ்வாண்டு சூலையிலேயே ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் கடத்த இயலாதவாறு இந்தியாவில் வாட்ஸ்அப் வரம்பிட்டிருந்தது. அவ்வரம்பும் பொய்யை முழுதும் தடுக்கவில்லை. வரம்பு விரலில் இல்லை. உள்ளத்தில் இருத்தல் வேண்டும். ஆகவே ‘அனுப்பு’ என்னும் குறியைக் கற்பிக்கும் நாளிலேயே, ‘இது மெய்யா? இதனால் யார்க்கேனும் தீங்கு உண்டா? இப்போதே சொல்ல வேண்டுவதா?’ என்னும் மூன்று வினாக்களையும் சேர்த்துக் கற்பிக்க. வாய்மைக்கு வாயென்றும் விரலென்றும் வேறுபாடு இல்லை.

வாயில் வைப்போர் கடமை

கற்பிப்போர் கடமை பேசும் நாம் வாயில் வைப்போர் கடமையையும் பேசாதிருத்தல் நடுவுநிலைமை ஆகாது. ஓர் உரிமையைப் பெறக் கைப்பேசியை வழியாக்கும் அலுவலகம், அதில்லாதார்க்கு மற்றொரு வழியைத் திறந்தே வைத்தல் வேண்டும். வாழ்நாள் சான்றிதழை இல்லத்துக்கே வந்து அஞ்சற்காரர் பதிந்து கொடுக்கும் முறை இருக்கின்றது. இத்தகைய வழிகள் அடைபடலாகாது. கற்றலை உரிமையாகக் கருதுக. கல்லாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கற்க.

இளைய அன்பர்காள்! அடுத்த முறை தாயோ பாட்டனாரோ புதிய கைப்பேசியை உங்கள்பால் நீட்டும்போது, வாங்காதீர்கள். அவர் அருகில் அமருங்கள். மொழியைக் கேளுங்கள். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். எண் இடும்போது முகத்தைத் திருப்புங்கள். ஒரு நாளில் முடியாவிட்டால் பத்து நாள் ஆகட்டும். நம் விரல் பிடித்து எழுத்து எழுதுவித்தோர் நமக்குக் கொடுத்த காலத்தை எண்ணினால், அப்பத்து நாள் பெரிதன்று. முதிய அன்பர்காள்! நீட்டிய கையை நீங்களும் மடக்கிக்கொள்ளுங்கள். “செய்து கொடு” என்னாதீர்கள். “சொல்லிக் கொடு” என்று கேளுங்கள். இவ்விரு சொற்களுக்கு இடையே உள்ள தொலைவே பிறரைச் சார்ந்து வாழ்வதற்கும் தம்மைத் தாம் ஆள்வதற்கும் இடையே உள்ள தொலைவு.